பூங்காவனத்தம்மாள் எழுதிக் கொடுத்த பட்டியல்

மண்ணூர்பேட்டையில் பூங்காவனத்தம்மாளிடம் வாடகைக்கு வீடு கேட்டு யார் வந்தாலும், அவள் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்றுதான். சம்பளம் அப்புறம், பிள்ளை குட்டி அப்புறம், அட்வான்ஸ்கூட அப்புறம்தான். ஊர் தெரியாத ஆளை அவளால் மனசுக்குள் எங்கேயும் உட்கார வைக்க முடியாது. வந்தவாசி சுசீலா, நெல்லூர் நாகம்மா என்று ஊரை முன்னால் ஒட்டித்தான் எல்லாரையும் கூப்பிடுவாள். அவளுக்கு மட்டும் அந்த ஒட்டு கிடையாது. பிறந்தது திருமுல்லைவாயில், வாழ்க்கைப்பட்டது மண்ணூர்பேட்டை. பிறந்த வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நடந்தே வந்து சேர்ந்துவிடலாம். இரண்டு மூன்று தடவை வந்தும் இருக்கிறாள்.

மாமனாருக்கு ஒன்றரைக் காணி நிலம் இருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. கொடுத்த பணத்தில் அவர் எட்டு ரூம் உள்ள லைன் வீடு ஒன்றைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த நிலத்தின் மேல் எழும்பிய கம்பெனியில் அவள் புருஷன் எத்திராஜுக்கு வாட்ச்மேன் வேலை. அப்பன் ஏர் ஓட்டின மண்ணைப் பிள்ளை காவல் காக்கிறானே என்று யாராவது பரிதாபப்பட்டால் எத்திராஜ் அசரமாட்டார். "ஏர் ஓட்டினவருக்கு பி.எஃப். இருந்துச்சா?" என்று திருப்பிக் கேட்பார்.

முதல் ரூமில் அவர்கள். மற்ற ஏழும் வாடகைக்கு. வீட்டுக்காரி என்ற மிடுக்கு பூங்காவனத்துக்கு இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்பாள், குடித்தனக்காரிக்குப் பிரசவ வலி என்றால் ஆட்டோவில் கூடவே ஏறி உட்காருவாள். எல்லாரும் தன்னை "அக்கா" என்று கூப்பிடுவதை அவள் மனசார நம்பினாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஞானம்மாள் தகரப்பெட்டியோடு வந்து நின்றபோதும் அதே கேள்விதான். ஞானம்மாள் கொஞ்சம் யோசித்தாள். சொந்த ஊரைக் கேட்டால் யோசிக்கிற மனுஷியைப் பூங்காவனம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"தாத்தா ஊரு துறையூர்ப் பக்கமுன்னு சொல்லுவாங்க. நான் பார்த்ததில்லீங்க. பொறந்தது அட்டனுக்குப் பக்கத்துல தேயிலைத் தோட்டம், சிலோனு. ஆனா இப்ப நான் இந்தியாங்க. பாஸ்போர்ட்டு இருக்கு."

கேட்காமலே பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் காட்டினாள். கண்டியில் இருந்த இந்திய ஆபீஸில் கொடுத்தது. எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையும் உப்பிய கன்னமுமாக இருபத்தொரு வயசு ஞானம்மாள் அந்தப் போட்டோவில் முறைத்துக்கொண்டு இருந்தாள். எதிரே நின்றவளுக்கு அந்தக் கன்னத்தில் பாதிகூட மிச்சமில்லை. இரண்டு சர்க்காரும் பேசி முடிவெடுத்து, தோட்டத்துச் சனங்களை நீ பாதி நான் பாதி என்று பிரித்துக்கொண்டதில், புருஷனும் அவளும் எழுபத்து நாலில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார்கள். ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. அந்த மில் மூடியது, புருஷன் மஞ்சள் காமாலையில் போனான், அம்பத்தூரில் வேலை இருக்கிறது என்று எவரோ சொன்னதை நம்பி அவள் ரயிலேறினாள்.

பூங்காவனத்துக்கு இதில் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியை வைத்து ஆறாம் ரூமைக் கொடுத்தாள். "சிலோன் ஞானம்மா" என்று பேரும் வைத்தாள். "சிலோன்னு சொல்லாதீங்கக்கா" என்று அவள் எத்தனையோ தடவை கெஞ்சியும் அந்தப் பேர் மாறவில்லை.

அந்த லைனில் பொம்பளைகளுக்கு வீட்டில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஒன்று உண்டு. எஸ்டேட் கம்பெனிகளில் அச்சில் வார்த்தெடுக்கிற ரப்பர் புஷ், வாஷர் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிறு நீட்டிக்கொண்டு இருக்கும். அதைக் கத்திரியால் ஒட்ட வெட்டிக் கொடுக்க வேண்டும். புஷ்ஷில் வெட்டு பட்டால் அது கழிவு. லட்சுமணன் என்கிற காண்ட்ராக்ட்காரன் டி.வி.எஸ். வண்டியில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சனிக்கிழமை எடை போட்டு எடுத்துப் போவான். கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய். பூங்காவனமும் வெட்டுவாள். வாடகை வருகிறதே, உனக்கு எதற்கு இது என்று எத்திராஜ் கேட்டால், "சும்மா குந்திகினு இருந்தா மட்டும் யாரு சோறு போடறா?" என்பாள். கை கரியாகும், சோற்றிலும் ரப்பர் வாடை அடிக்கும். ஞானம்மாளுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. தேயிலை கிள்ளிய விரல், மற்றவர்களைவிட இரண்டு கிலோ கூடவே வெட்டும். பன்னிரண்டு வருஷம் அப்படியே வெட்டினாள். முப்பத்தெட்டு வயசில் பல் கொட்டி, தலை நரைத்து, பார்க்கிறவர்கள் ஐம்பது என்று சொல்லும்படி ஆகிவிட்டாள்.

தொண்ணூறாம் வருஷம் ஐப்பசி மழையில் ராணி வந்தாள். ஞானம்மாளின் கூடப்பிறந்த தங்கை, ஐந்தாறு வயசு இளையவள். வவுனியாப் பக்கம் குடித்தனம் இருந்தபோது அவள் புருஷனை வாசலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். வீட்டையும் கொளுத்திவிட்டார்கள். படகில் ஏறி இந்தக் கரைக்கு வந்தவள், அகதிக் கேம்புக்குப் போகாமல், எந்த ஆபீஸிலும் பேர் பதியாமல், அக்காள் விலாசத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு நேரே மண்ணூர்பேட்டைக்கு வந்துவிட்டாள்.

"தங்கச்சி வந்தா இருந்துட்டுப் போவட்டும், அதுக்கு இன்னா?" என்றாள் பூங்காவனம்.

"அது இந்தியா இல்லீங்கக்கா," என்றாள் ஞானம்மாள்.

"ஏண்டி, நீ இந்தியான்ற. உன் கூடப் பொறந்தவ எப்படி இல்லாம பூடுவா?"

ஞானம்மாள் பொறுமையாகச் சொன்னாள். பதினேழு வயசில் தன்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமியார் வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள், தானும் அந்த மனுவில் போய்விட்டாள். அப்பா சின்னசாமி சிலோனிலேயே இருக்கிறேன் என்று மனுப் போட்டார், சின்னப் பிள்ளை ராணி அவர் மனுவில் நின்றுவிட்டாள். "ஆளுக்கொரு பக்கம் போனா யாராச்சும் ஒருத்தராவது பொழைச்சுக்குவோம்னு அப்பா சொன்னாரு."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு கேட்டுக்கீறேன். ஊரும் நாடும் வேறன்னு இப்பத்தாண்டி கேக்கறேன்," என்றாள் பூங்காவனம். அன்று ராத்திரி எத்திராஜிடம் இதை விளக்க முயன்று, பாதியில் தனக்கே குழம்பிப்போய் விட்டுவிட்டாள். கட்டிக் கொடுத்த இடத்துக்குப் பெண் போவது சரி, அது உலக வழக்கம். போனதால் கூடப்பிறந்தவள் அந்நியமாகிவிடுவாளா? சாதி அப்பன் வழி, ஊர் அப்பன் வழி. இந்த நாடு மட்டும் எந்த வழியில் வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ராணியும் ரப்பர் வெட்ட உட்கார்ந்தாள். லட்சுமணன் மூன்றாம் வாரமே மோப்பம் பிடித்துவிட்டான். பேச்சைக் கேட்டான், அக்காளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் எடை போட்டுவிட்டு ராணிக்குக் கிலோவுக்கு எழுபத்தைந்து பைசா கொடுத்தான். ராணி அதை வாங்கி முடிந்துகொண்டாள்.

பூங்காவனம்தான் சண்டைக்குப் போனாள். "இன்னாடா லட்சுமணா, அவ வெட்னா மட்டும் ரப்பர் எடை கொறைஞ்சு பூடுதா?"

"அக்கா, நீ பெரிய மனுஷி, உனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல," என்றான் அவன், வண்டியை விட்டு இறங்காமலே. "அவளுக்குக் காயிதம் கீதா? வேற எவனாச்சும் வேலை குடுப்பானா? நான் தெரிஞ்சே குடுக்கறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் மாட்டுவேன். அந்த பயத்துக்கு ஒரு வெலை வோணாவா? சரி, நீ வோணான்னு சொல்லு, நாளைலேர்ந்து அவளுக்கு சாக்கு போடல."

பூங்காவனம் அவனை அயோக்கியன் என்று திட்டலாம் என்றுதான் வந்தாள். அவன் பேசப் பேச அவன் ஏதோ தருமம் செய்கிறவன் மாதிரியும், தான் ஒரு ஏழையின் வயிற்றில் அடிக்க வந்தவள் மாதிரியும் ஆகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவனைக் கேட்டிருக்க வேண்டிய நாலு கேள்வி ஞாபகம் வந்தது.

பங்குனியில் அவன் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான்: "ராணி முக்கா ரூபாய்க்கு வெட்றா, அவ வெட்றதுல ஒரு கழிவு இல்ல. உங்களுக்கு மட்டும் நான் எதுக்கு ஒண்ணேகால் குடுக்கணும்? இனிமே எல்லாத்துக்கும் தொண்ணூறு பைசா."

லைனே கொதித்தது. கொதித்தது லட்சுமணன் மேல் அல்ல, ராணி மேல். அவன் சனிக்கிழமை மட்டும் வருகிறவன், இவள் நாள் பூராவும் கண் முன்னால் இருக்கிறாள். சுசீலா குழாயடியில் ராணியின் குடத்தை நகர்த்தி வைத்தாள். "எங்கிருந்தோ வந்து எங்க வாயில மண்ணைப் போட்டுட்டா. போலீஸ்ல சொன்னா ஒரே நாள்ல ஏத்திகினு பூடுவான்," என்று ஆறாம் ரூம் காதில் விழும்படியாகச் சொன்னாள். சுசீலாவே வந்தவாசியில் இருந்து பஞ்சம் பிழைக்க வந்தவள் என்பது பூங்காவனத்துக்கு அப்போது ஞாபகம் வரத்தான் செய்தது. சொல்லவில்லை. வாரத்துக்கு ஐந்தாறு ரூபாய் அவளுக்கும் குறைந்திருந்தது. ராணியைப் பார்த்தால் பாவமாக இருந்தது, தன் சாக்கைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு இருந்தாள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்தது. பூந்தமல்லி ரோட்டில் எங்கே பார்த்தாலும் போலீஸ் வண்டி. சிலோன்காரர்கள் எங்கே இருந்தாலும் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றார்கள். ஞானம்மாள் பாஸ்போர்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டே நடமாடினாள். ராணி கக்கூஸுக்குப் போவதற்கு மட்டும் வெளியே வந்தாள். ஒரு நாள் காலை கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்து, வாடகைக்கு விடுகிற எல்லா வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களின் பேர், ஊர், எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் எழுதி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூங்காவனம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் ரூமில் இருந்து ஐந்தாம் ரூம் வரை மளமளவென்று எழுதினாள். ஆறாம் ரூமில் பேனா நின்றது.

எத்திராஜ் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அவ பேரை உட்டுடு. கேட்டா ஊருக்கு வந்த விருந்தாளின்னு சொல்லு."

"ஊட்டுக்காரி பொய் எழுதினான்னு நாளைக்கு என்னையில்ல இழுத்துகினு போவான்?"

"அப்ப எழுது."

"எழுதினா அவளை இழுத்துகினு போவானே."

"அப்ப எழுதாத," என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பினார்.

அவள் எழுதினாள். 'ஞானம்மாள், சிலோன், இந்தியா பாஸ்போர்ட் உண்டு, பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. ராணி, மேற்படியாள் கூடப்பிறந்த தங்கை, போன ஐப்பசியில் சிலோனிலிருந்து வந்தது.' கூடப்பிறந்தவள் என்று எழுதிவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு. அக்காள் இந்தியா என்று சர்க்காரே புஸ்தகம் போட்டுக் கொடுத்திருக்கும்போது, ஒரே வயிற்றில் பிறந்த தங்கையை எப்படி வேறு என்பார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரிகள் உறவுமுறையைப் பார்த்தால் புரிந்துகொள்ளமாட்டார்களா? இப்படித்தான் அவள் நினைத்தாள். இதை மட்டும்தான் நினைத்தாளா என்று பிற்பாடு எத்தனையோ நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்கு முந்தின சனிக்கிழமை லட்சுமணன் தொண்ணூறு பைசா கணக்கில் அவள் கையில் வைத்த சில்லறை, எழுதும்போது அவள் நினைப்பில் இல்லவே இல்லை என்று சாமி முன்னால் அவளால் சத்தியம் செய்ய முடியாது.

நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸும். லைனில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கையில் பூங்காவனம் எழுதிய காகிதம் இருந்தது.

"ஆறாம் நம்பர் யாரும்மா? வெளிய வாங்க. பாஸ்போர்ட் எங்கே?"

ஞானம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் புரட்டினார். போட்டோவைப் பார்த்தார். எதிரே நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். ஒருத்தி பொக்கை வாயும் நரைத்த தலையுமாக இருந்தாள். இன்னொருத்திக்கு முப்பத்து மூன்று வயசு, கறுத்த தலை, போட்டோவில் இருக்கிற அதே மூக்கு, அதே கன்னம். அவர் ராணியைப் பார்த்துக் கேட்டார்: "நீதானே ஞானம்மாள்?"

ராணி அக்காளைப் பார்த்தாள்.

"ஆமாங்கய்யா," என்றாள் ஞானம்மாள். "அதுதாங்க எங்க அக்கா. நான் தங்கச்சி. ராணி."

பூங்காவனம் காதில் விழுந்தது சரிதானா என்று சுசீலாவைப் பார்த்தாள். சுசீலாவும் அவளைப் பார்த்தாள்.

"நீ தங்கச்சியா?" சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "பாத்தா அம்மா மாதிரி இருக்கே."

"அங்கன பட்ட பாடுங்கய்யா," என்றாள் ஞானம்மாள்.

அவர் காகிதத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தார். "வீட்டுக்காரம்மா, இங்க வா. லிஸ்ட் குடுத்தது நீதானே? இதுல ஞானம்மாள் யாரு, ராணி யாருன்னு காட்டி, இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பூங்காவனம் போனாள். பன்னிரண்டு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவளை யார் என்று காட்டச் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ராணியை ஏற்றிக்கொண்டு போவார்கள். கேம்பில் இருந்து அந்த நாட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள், புருஷனைச் சுட்ட வாசலுக்கு. பொய் சொன்னால், இந்தியா என்று புஸ்தகம் வைத்திருக்கிறவளைச் சிலோன்காரி என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஏதாவது ஜாடை காட்டுவாள் என்று ஞானம்மாள் முகத்தைப் பார்த்தாள். ஞானம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுசீலா ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பன்னெண்டு வருஷமா இருக்கான்னு எழுதியிருக்கே, அடையாளம் தெரியாதா?"

"தெரியுங்க," என்றாள் பூங்காவனம். ராணியைக் காட்டி, "அது ஞானம்மா," என்றாள். ஞானம்மாளைக் காட்டி, "இது ராணி," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

பாஸ்போர்ட்டை ராணியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். துணிமணி எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஞானம்மாள் இரண்டு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். தங்கை கையைப் பிடித்து, "வாரேன் அக்கா," என்று அவளைத்தான் அக்கா என்றாள். பூங்காவனத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப் போன பிறகு லைனில் எல்லாரும் உள்ளே போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை லட்சுமணன் வந்தான். சங்கதி அவனுக்கு எட்டியிருந்தது. ராணியின் சாக்கை எடை போட்டுக்கொண்டே, "இன்னா ஞானம்மா, சௌக்கியமா?" என்று கேட்டான். அறுபது பைசா கணக்குப் போட்டுக் கொடுத்தான். முன்பாவது காகிதம் இல்லாதவள், இப்போது அக்காள் காகிதத்தைத் தன் காகிதம் என்று வைத்திருக்கிறவள். அதற்குப் பயம் கூடுதல், விலையும் கூடுதல்.

சுசீலா முன்னால் வந்து நின்றாள். "சிலோன்காரி பூட்டா இல்ல? எங்குளுக்கு ஒண்ணேகால் குடு."

"காட்டுப்பாக்கத்துல எம்பது பைசாவுக்கு ஆள் கீது," என்றான் லட்சுமணன். "தொண்ணூறு வோணுமா, சாக்கை எடுத்துகினு போவட்டா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக லைனில் அவனைத் திட்டினார்கள். அவன் கேட்டுக்கொண்டே சாக்கை இறக்கினான். திட்டி முடித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்து வெட்டினார்கள். சுசீலா ராணியின் குடத்தை நகர்த்துவதை நிறுத்திவிட்டாள். ஆனால் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. "இந்தாம்மா" என்றே கூப்பிட்டாள்.

பூங்காவனத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ராணியைக் காப்பாற்றினேன் என்று ஒரு நாள் நினைப்பாள். ராணி பேரை எழுதியதே நீதானே என்று மறுநாள் நினைப்பாள். பட்டியல் விஷயத்தை ராணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை ஆறாம் ரூம் வரை போனாள். "அரிசி இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். வாடகையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டாள், ஏன் என்று ராணி கேட்கவில்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் பூங்காவனம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டு இருந்தபோது ராணி ஒரு இன்லாண்டுக் கடுதாசியோடு வந்தாள். கேம்பில் இருந்து ஞானம்மாள் போட்டது. கடுதாசியைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, அன்புள்ள அக்காவுக்கு தங்கை ராணி எழுதுவது என்றே ஆரம்பித்திருந்தாள். கேம்பில் இருக்கிறவர்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்களாம். விருப்பப்பட்டுப் போகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம், தாளில் இருந்தது இங்கிலீஷாம். முதல் கப்பலிலேயே பேர் இருக்கிறதாம். என்னை நினைத்து ஒன்றும் செய்ய வேண்டாம், நீ இருக்கிற இடத்தில் இரு என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

பூங்காவனம் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். ஞானம்மாளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? இருபது வருஷத்துக்கு முன்னால் நீ எங்கள் ஆள் இல்லை என்று கப்பலேற்றிய நாடு. இப்போது இந்த நாடும் அதையே சொல்லித் திருப்பிக் கப்பலேற்றுகிறது. பாஸ்போர்ட் என்னவோ ஆறாம் ரூம் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

"நான் ஸ்டேஷனுக்குப் போயி உண்மையச் சொல்லிடறேங்கக்கா," என்றாள் ராணி. "என்னைய அனுப்பட்டும். அக்காவ விட்டுடுவாங்கல்ல?"

"உடுவாங்களோ, மூணு பேரையும் சேர்த்து உள்ள வைப்பாங்களோ. நான்தானே கையெழுத்துப் போட்டுக்கீறேன்." சொல்லிவிட்டுப் பூங்காவனத்துக்கே வெட்கமாக இருந்தது. எட்டு மாசமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வாயில் வந்துவிட்டது. "ராணி, அந்த லிஸ்ட்டு... உன் பேரை எழுதிக் குடுத்ததே நான்தாண்டி."

"தெரியுங்கக்கா."

"தெரியுமா?"

"வீட்டுக்காரங்கதானே எழுதிக் கொடுக்கணும். அன்னைக்கே ரெண்டு பேருக்கும் தெரியும்."

பூங்காவனம் அவளையே பார்த்தாள். "அப்ப ஏண்டி என்னை ஒரு வார்த்தை கேக்கல? ஏன் எழுதினேன்னு சட்டையைப் புடிச்சிக் கேட்டிருக்கலாம் இல்ல? அவளும் கேக்கல, நீயும் கேக்கல. அக்கா அக்கான்னுதானே கூப்பிட்டீங்க?"

ராணி கடுதாசியை மடித்தாள். கோபமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

"கேட்டு, நீங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டா, நாங்க எங்கங்கக்கா போறது?"

அறுபது பைசாவை வாங்கிக்கொண்டு லட்சுமணன் எதிரே அவள் நிற்கிற அதே நிற்பு. பூங்காவனம் அப்போதுதான் அதைக் கண்டாள். அழுகை வந்தது. அழக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"சொல்லுங்கக்கா," என்றாள் ராணி. "நான் ஸ்டேஷனுக்குப் போகவா, வேண்டாமா?"

போ என்று சொல்ல வேண்டும். போகாதே என்றும் சொல்ல வேண்டும். நானும் கூட வருகிறேன் என்றாவது சொல்ல வேண்டும். பூங்காவனம் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ராணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரிங்கக்கா," என்றாள், உத்தரவு கிடைத்துவிட்ட மாதிரி. ஆறாம் ரூமுக்குள் போய்ச் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு வெட்ட உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் ஞானம்மாளைக் கப்பலேற்றினார்கள்.